பத்தியப் படையல்

எங்கள் வீட்டுப் படையல் அறையில் யாரோ சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். என் கணவருக்கு வைத்த படையல் அது. சாப்பிடுகிறவர் என் கணவர் இல்லை.

போன ஆடி அமாவாசையில் இது தொடங்கியது. முறைப்படி இலை போட்டேன். கூடத்தில் இருந்த படத்தைத் துடைத்து மாலை சாத்தினேன். படையல் அறையில் விளக்கேற்றிவிட்டு, கதவை மூடி வெளியே உட்கார்ந்தேன். செத்தவர்கள் வந்து சாப்பிடுவதை நாம் பார்க்கக்கூடாது. கொஞ்சம் பொறுத்திருந்து, உள்ளே இருப்பவருக்குக் கேட்கும்படி இருமிவிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும். இருமினேன். கதவு திறக்கவில்லை.

"இருங்கம்மா. மோர் பாக்கி இருக்கு" என்று உள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

என் கணவர் லிங்கத்துரை மோரைப் பாக்கி வைக்கிறவர் இல்லை. முதலிலேயே குடித்துவிடுவார். தவிர, அவர் உப்பளத்தில் கங்காணியாக இருந்தவர். பாத்திக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்களைக் கூப்பிட்டுப் பழகி, வீட்டில் என்னிடமும் அதே சத்தத்தில்தான் பேசுவார். உள்ளே கேட்டது லைப்ரரியில் பேசுகிற குரல்.

"நீங்க யாரு?"

"மந்திரமூர்த்தி. ஏரல் பக்கம்."

"தப்பான வீட்டுக்கு வந்திருக்கிய."

"வீடு தப்பா இருக்கலாம். இலை சரியாத்தான் இருந்துச்சு."

அவர் வீட்டில் கருவாடு வைத்துவிட்டார்களாம். அவருக்கு உப்பு ஆகாதாம். தெருத்தெருவாகப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார். எங்கள் வீட்டு இலையில்தான் உப்பே இல்லையாம்.

அது உண்மை. என் கணவருக்குச் சர்க்கரையும் இருந்தது, பிரஷரும் இருந்தது. அதனால் கோதுமைக் கஞ்சியும், புடலங்காய்க் கூட்டும், தாளிக்காத மோரும் வைத்திருந்தேன். எதிலும் உப்புப் போடவில்லை. செத்துவிட்டார் என்பதற்காகப் பத்தியத்தை விட முடியுமா? டாக்டர் கடைசிவரை விடக்கூடாது என்றார். கடைசி எது என்று அவர் சொல்லவில்லை.

அன்றிலிருந்து மந்திரமூர்த்தி வெளியே வரவில்லை. வேளாவேளைக்குக் கதவின் அடிப்பக்கம் ஒரு தட்டு நுழையும் அளவுக்கு உயரும். நான் தட்டைத் தள்ளுவேன். கதவு இறங்கிவிடும். "உங்க சமையல் உடம்புக்கு நல்லது" என்பார். முப்பது வருஷம் குடும்பம் நடத்தியும் என் காதில் விழாத வார்த்தை அது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தின் மேல் எனக்கே எரிச்சலாகவும் இருந்தது.

இதோடு முடிந்திருந்தால் ஒரு விருந்தாளி என்று விட்டிருப்பேன். ஆனால் படம் மாறத் தொடங்கியது.

கூடத்தில் மாலை போட்டு மாட்டியிருக்கும் என் கணவர் படத்தில், முதலில் காது மாறியது. அவர் காது வெளியே துருத்திக்கொண்டிருக்கும். படத்தில் அது ஒட்டிக்கொண்டது. அப்புறம் நெற்றி ஏறியது. கண் சாந்தமானது. என் கணவரின் கண்ணில் சாந்தத்தை நான் பார்த்ததே இல்லை. இப்போது மீசை மட்டும்தான் அவருடையது.

என் கணவரின் அக்கா வடிவு மதினி படத்துக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"சொர்ணம், இன்னும் பத்து நாள்ல தெவசம்" என்றார். "இலை போடும்போது படத்துல யாரு இருக்காவளோ அவியதான் இந்த வீட்டு ஆளு. பொறவு மாத்த முடியாது."

"தெரியும் மதினி."

"எங்க அப்பாவுக்கு அப்படித்தான் ஆச்சு."

மாமனார் படம் பக்கத்திலேயே மாட்டியிருக்கிறது. அதில் இருப்பவர் யாரென்று எங்கள் யாருக்கும் தெரியாது. ஆண்டுதோறும் கும்பிடுகிறோம். நல்ல மனிதர் மாதிரிதான் தெரிகிறார்.

என் கணவரை அப்படி விட எனக்கு மனம் இல்லை. அவர் நல்ல மனிதர் மாதிரித் தெரிய மாட்டார். கத்துவார், பொய் சொல்வார், தட்டை நகர்த்துவார். எனக்கு அவர்தான் வேண்டும்.

அதனால் பேய் தேடத் தொடங்கினேன்.

எனக்குப் பேய் தேடும் படிப்பெல்லாம் கிடையாது. ஆனால் தேடிப் பழக்கம் உண்டு. பத்தியம் தொடங்கிய பிறகு அவர் தீப்பெட்டியில் உப்பை நிரப்பிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். செருப்புக்குள் வைப்பார். சாமி படத்துக்குப் பின்னால் வைப்பார். எங்கே வைத்தாலும் எடுத்துவிடுவேன். உப்பைக் கண்டுபிடிக்கிறவளுக்கு உப்பைத் திருடியவனைக் கண்டுபிடிப்பது பெரிய காரியமா என்று நினைத்தேன்.

கருவி ஒன்றே ஒன்றுதான். அவருக்குப் பிரஷர் பார்த்த மிஷின். பேய் இருக்கிறது என்று ஊர் சொல்லும் இடத்துக்கு உச்சிப்பொழுதில் போவேன். தூணிலோ நாற்காலிக் கையிலோ பட்டையைச் சுற்றிக் காற்றடிப்பேன். பேய் இல்லாத இடத்தில் முள் அசையாது. பேய் இருந்தால் அதன் பிரஷரைக் காட்டும். அவருடைய பிரஷர் எனக்கு வீட்டு நம்பர் மாதிரி. நூற்றெழுபது, நூறு.

மூடிக்கிடந்த சினிமா தியேட்டருக்குப் போனேன். இருக்கைகளை யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். திரையும் இல்லை. நடுவில் ஒரு பெண் மட்டும் உட்காரும் பாவனையில் இருந்தாள்.

"லிங்கத்துரைன்னு யாராவது இங்கன இருக்காவளா?"

"படம் மறைக்கு. உக்காருங்க."

"என்ன படம்?"

"இன்னும் போடல."

உப்புக் கம்பெனியின் பழைய பங்களாவுக்குப் போனேன். ஒரு படி ஏறினால் மேலே ஒரு படி கூடிக்கொண்டே போனது. ஏறி முடிக்க முடியாது என்று தெரிந்ததும் அங்கேயே படியில் கிடந்த ஒரு நாற்காலிக்குப் பட்டையைச் சுற்றினேன். முள் அசைந்தது. குனிந்து எண்ணைப் பார்த்தேன்.

"என்ன காட்டுது?" என்றது நாற்காலி.

"நூத்திப் பத்து. எழுபது."

"நல்லதா?"

"ரொம்ப நல்லது."

நாற்காலி நிம்மதியாகக் கிறீச்சிட்டது. நான் அழுதுகொண்டே இறங்கினேன். என் கணவருக்கு அவ்வளவு நல்ல பிரஷர் ஒருநாளும் இருந்ததில்லை.

லைட் ஹவுஸ் பார்த்தேன். ரயில்வே குவார்ட்டர்ஸ் பார்த்தேன். ஒரு கிணற்றுக்குள் பட்டையைக் கயிற்றில் கட்டி இறக்கினேன். கிணறு அதைத் திருப்பிக் கொடுக்க அரைநாள் யோசித்தது. வீட்டுக்கு வந்தால் மந்திரமூர்த்தி கதவுக்குப் பின்னாலிருந்து விசாரிப்பார்.

"கெடைச்சாவளா?"

"இல்ல."

"சாப்பிட்டுப் படுங்க. வெறும் வயித்தோட இருக்கக்கூடாது."

அவரைத் திட்டவும் வாய் வரவில்லை. அந்த மனிதர் நல்லவர். அதுதான் எனக்கு வந்த கஷ்டம்.

பாக்கி இருந்தது வைரம் மஹால் ஒன்றுதான். தெவசத்துக்கு முந்தின நாள் உச்சிப்பொழுதில் அங்கே போனேன். அது ஒரு கல்யாண மண்டபம். கல்யாணங்கள் நின்று பல காலம் ஆகிறது. காவலுக்கு ரோஸ்லின் என்ற பெண் வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளுக்கு நிழல் இல்லை. கேட்டதற்கு, நிழல் சாப்பிடப் போயிருக்கிறது என்றாள்.

"உள்ள பேய் இருக்காமே?"

"பேயெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. பந்திதான் இருக்கு."

"யாரு சாப்பிடுதாவ?"

"எங்க சாப்பிடுதாவ. உக்காந்தது உக்காந்தபடி இருக்காவ."

வாசல் தூணில் பட்டையைச் சுற்றினேன். காற்றடித்தேன். முள் ஏறியது. நூற்றெழுபது, நூறு. மறுபடி அடித்தேன். நூற்றெழுபது, நூறு. தூணைக் கட்டிக்கொண்டேன். ரோஸ்லின் கீரையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

மதினியிடமிருந்து போன் வந்தது.

"இடது பக்க மீசை போயிட்டு."

"வலது பக்கம்?"

"பாதி இருக்கு. சீக்கிரம் வா."

"கண்ணை எடுக்காம பாருங்க மதினி."

"பாத்தா நிக்கவா போவுது?" என்றார். பிறகு அவர் அழுவது கேட்டது. போனை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனேன்.

சாப்பாட்டுக் கூடம் நீளமாக இருந்தது. நான் நுழைந்ததும் இன்னும் கொஞ்சம் நீண்டது. ஒரே வரிசையாகப் பாய் விரித்து, ஒரே வரிசையாக இலை போட்டிருந்தார்கள். எல்லா இலையிலும் எல்லாம் இருந்தது. சோறு ஆறிப்போய், தானாகச் சூடாகி, மறுபடி ஆறிக்கொண்டிருந்தது. ஒருவரும் கை வைக்கவில்லை. குனிந்து இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசி இலையில் என் கணவர் இருந்தார். இடது காலை நீட்டி வலது காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். மூட்டு வலிக்கு அப்படித்தான் உட்காருவார். துருத்திய காது இரண்டும் அங்கிருந்தே தெரிந்தன. நான் "ஏங்க" என்று கத்தினேன். பந்தியில் பாதிப் பேர் நிமிர்ந்து, தங்களை இல்லை என்று தெரிந்ததும் மறுபடி குனிந்தார்கள். அவர் நிமிரவில்லை.

ஓடப் போனேன். தோளில் துண்டு போட்ட ஒருவர் குறுக்கே கையை நீட்டினார். பந்தி விசாரிக்கிறவர். எந்த வீட்டுக் கல்யாணத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டே நடப்பார். எதுவும் கொண்டுவர மாட்டார்.

"ஒண்ணு உக்காருங்க. இல்ல பரிமாறுங்க. பந்திக்கு நடுவுல சும்மா நடக்கக்கூடாது."

"நான் எங்க வீட்டுக்காரவியளக் கூட்டிட்டுப் போவணும்."

"பந்தி முடியட்டும். நடுவுல எந்திரிச்சா பக்கத்து இலைக்கு மரியாத இல்ல."

"எப்ப முடியும்?"

"ஆரம்பிச்சா முடியும்."

"ஏன் ஆரம்பிக்கல?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "உப்பு வைக்கல. உப்பு வைக்காத இலையில யாரு கை வைப்பா? உப்பு வைக்க வேண்டிய ஆளு வரல."

என் கணவர் இங்கே வந்து வயிறாரத் தின்றுகொண்டிருப்பார் என்றுதான் நினைத்திருந்தேன். அதற்குத் திட்டக்கூடத் தயாராக வந்திருந்தேன். அவர் பசியோடு உட்கார்ந்திருக்கிறார் என்று நினைக்கவில்லை.

"நான் வைக்கேன்" என்றேன்.

பந்தி விசாரிக்கிறவர் ஒரு சின்ன வாளியையும் கரண்டியையும் கொடுத்தார். கல்லுப்பு. கரண்டி ஓட்டையாக இருந்ததால் அதை இடுப்பில் செருகிவிட்டுக் கையாலேயே வைத்தேன். உப்பைக் கையால் தொட்டு எனக்குப் பல வருஷம் ஆகியிருந்தது. விரல் இடுக்கில் எரிந்தது.

முதல் இலையின் இடது ஓரத்தில் வைத்தேன். அடுத்த இலை. அதற்கடுத்த இலை. எவரையும் தாண்டிப் போகக்கூடாது. பந்தியில் ஓர் இலையைத் தாண்டினால் அந்த வீட்டுக்குச் சாபம்.

"இவ்வளவு நாளா எங்க போனிய?" என்றாள் ஒரு கிழவி.

"இப்பத்தான் வந்தேன்."

"எல்லாரும் அதத்தான் சொல்லுதாவ."

ஒருவர் கொஞ்சம் கூட வைக்கச் சொன்னார். ஒருவர் பொண்ணு வீடா மாப்பிள்ளை வீடா என்று கேட்டார். நான் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தேன். நிமிர்ந்து பார்த்தேன். என் கணவர் கிட்டே வரவில்லை. எனக்கும் அவருக்கும் நடுவில் புதிதாக இலைகள் விழுந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு இலைக்கும் ஓர் ஆள் முளைத்து, சம்மணம் போட்டு, குனிந்துகொண்டார்.

நான் அவரைப் பார்க்கும்போதெல்லாம் வரிசை நீண்டது. அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் அவரைப் பார்ப்பதை நிறுத்தினேன். அது லேசான காரியமாக இல்லை. அவரைத் தேடித்தான் அத்தனை இடமும் அலைந்தேன். இப்போது அவர் இருக்கும் பக்கம் திரும்பாமல் இலையின் ஓரத்தை மட்டும் பார்த்தேன். இலை, கை, உப்பு. இலை, கை, உப்பு. எத்தனை கை என்று தெரியாது. மோதிரம் போட்ட கை வந்தது. மருதாணி வைத்த கை வந்தது. பால்குடிக்கிற பிள்ளையின் கை ஒன்றும் வந்தது. அதற்கு ஒரே ஒரு கல் வைத்தேன்.

அப்புறம் அந்தக் கை வந்தது. உப்புத் தண்ணீரில் வெடித்து வெடித்து ஆறிய விரல்கள். கட்டைவிரல் நகம் பாதி இருக்காது. நான் தேங்காய் எண்ணெய் தடவிவிட்ட கை.

உப்பை எடுத்தேன். அந்தக் கை இலையின் ஓரத்தை மூடிக்கொண்டது.

"எனக்கு வேண்டாம்மா" என்றார் என் கணவர்.

அதே குரல். கூடம் முழுக்கக் கேட்டது.

"வச்சுக்கோங்க."

"டாக்டரு வேண்டாம்னுட்டாரு. பிரஷரு இருக்கு."

"பரவால்ல. கொஞ்சூண்டு."

"வீட்டுல திட்டுவா."

உயிரோடு இருந்த காலத்தில் என் பேச்சை ஒரு தடவை கேட்டதில்லை இந்த மனிதர். தீப்பெட்டி தீப்பெட்டியாகத் திருடித் தின்றார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கூடத் தலையணை உறைக்குள் வைத்திருந்தார். என் பேச்சைக் கேட்பதற்கு இந்த இடத்தையா பார்த்துவைத்திருந்தார்?

"நான்தாங்க. சொர்ணக்கனி."

அவர் நிமிரவில்லை. பந்தியில் உட்கார்ந்தவர்கள் பரிமாறுகிறவர் முகத்தைப் பார்ப்பதில்லை. கையைத்தான் பார்ப்பார்கள். அவர் என் கையைப் பார்த்தார்.

"எங்க வீட்டுலயும் அந்தப் பேருதான்."

"உங்க வீட்டுலதான் நான்."

"அவ கையில உப்பு இருக்காது" என்றார். குரலில் ஒரு பெருமை இருந்தது.

வாளியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்து, வெறும் கையை நீட்டினேன். அவர் பார்த்தார். அடையாளம் தெரிகிற மாதிரி முகம் லேசாக மாறியது. பந்தி விசாரிக்கிறவர் பின்னாலிருந்து, "உப்பு இல்லாம நிக்கக்கூடாது, எடுங்க, எடுங்க" என்றார். வரிசை முழுவதும் முணுமுணுத்தது. கடைசி இலைக்கு உப்பு விழாமல் முதல் இலை கை வைக்கக்கூடாது. எத்தனை பேர் பசி அது. நான் மறுபடி உப்பை அள்ளினேன். அவர் முகம் பழையபடி ஆனது. கை இலையை இன்னும் அழுத்தி மூடியது.

"நான் சொல்லுதேன். தின்னுங்க" என்றேன். "பத்தியம் முடிஞ்சு போச்சு. எவ்வளவு வேணும்னாலும் தின்னுங்க. நாளைக்குக் கருவாடு வைக்கேன். ஊறுகா வைக்கேன். வீட்டுக்கு மட்டும் வாங்க."

"நீங்க நல்லவுக போல இருக்கிய" என்றார். "ஆனா அவ வந்து சொன்னாத்தான் சாப்பிடுவேன்."

"அவ எப்ப வருவா?"

"வந்துருவா. கண்டுபிடிக்கதுல கெட்டிக்காரி. எங்கன ஒளிச்சாலும் கண்டுபிடிச்சிருவா." கொஞ்சம் தயங்கி, இலையைப் பார்த்தபடியே கேட்டார். "மணி என்ன ஆச்சு? ரொம்பப் பசிக்கு."

அவர் புறங்கையின் மேலேயே உப்பை வைத்தேன். அவர் கையை எடுக்கவில்லை. இன்னொரு பிடி வைத்தேன். கற்கள் உருண்டு இலைக்கு வெளியே பாயில் விழுந்தன. இலையில் ஒன்றுகூட விழவில்லை. அவர் குனிந்து, கை மேலிருந்த உப்பை, நக்கிவிடும் தூரத்தில், பார்த்துக்கொண்டே இருந்தார். உதடு துடித்தது. தொடவில்லை.

இடுப்பில் போன் அடித்தது. மதினியாகத்தான் இருக்கும். விடாமல் அடித்தது. பந்தி முழுக்கக் காத்திருந்தது.

என் இரண்டு கையிலும் உப்பு இருந்தது.